தாத்தாவின் சங்கும் 127 அழுத்தமும்



ஆண்டு விழா நாடகத்தில் தோணி புறப்படும் காட்சிக்கு முன்னால் ஒரு சங்கு ஊதும். மேடைக்குப் பின்னால் யாரும் ஊதப் போவதில்லை. கீபோர்டில் நான் ஒரு கட்டையை அழுத்துவேன், அவ்வளவுதான். ஒத்திகையில் கேட்டவங்க, "ஏல, யூடியூப்ல இருந்து இறக்கினியா?"ன்னு கேட்டாங்க. இல்லை மக்கா, அது எங்க தாத்தா ஊதினது. எப்படிச் செஞ்சேன்னு சுவர்ப் பத்திரிகையில் எழுதச் சொன்னார் தமிழ் ஐயா. எழுதிட்டேன்.

தாத்தா திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிச்சவர். முத்துக்குளிப்பு நம்ம ஊரில் 1961-உடன் நின்றுபோனாலும் சங்கு குளிப்பு நிற்கவில்லை. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துக்குப் போய் வளையலாகும். இதைப் பற்றியே ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்துறை அதிகாரி 1914-இல் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். தாத்தா தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டு, நுனியை அறுத்து ஊதுவார். போன வருஷம் என் செல்போனில் மூன்று தடவை ஊதிக் காட்டினார்: மெல்ல ஒன்று, நடுத்தரமாக ஒன்று, முழு மூச்சில் ஒன்று. இப்போது அவருக்கு மூச்சிரைப்பு. ஊதவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆக, என்னிடம் இருப்பது அந்த மூன்று ஒலிதான். சரியில்லை, இன்னொரு தடவை ஊதுங்கன்னு கேட்க முடியாது.

சாம்ப்ளர் என்றால் என்ன? பதிவு செய்த ஒலியைக் கட்டைகளில் பரப்பி, வாத்தியம் போல வாசிக்க விடும் கருவி. 1979-இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்று ஒன்று வந்தது. அது பணக்கார ஸ்டுடியோக்களுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்து வீட்டு ஸ்டுடியோவில் இருந்து 1992-இல் 'ரோஜா'வுக்கு இசை அமைத்த காலத்தில் தமிழ்ப் பாட்டிலும் சாம்ப்ளர் சத்தம் பழகிப்போனது. பிறகு 1998-இல் கிகாசாம்ப்ளர், 2002-இல் கான்டாக்ட் என்று கணினிக்குள்ளேயே மென்பொருளாக வந்துவிட்டது. நான் பயன்படுத்தியது ஸ்ஃபோர்ட்ஸாண்டோ. இலவசம். எந்த ஒலி, எந்தக் கட்டை, எந்த அழுத்தம் என்பதை நோட்பேடில் எழுதிக் கொடுத்தால் போதும், அது வாசிக்கும்.

முதல் சிக்கல் சுருதி. தாத்தாவின் மெல்லிய ஊதல் 290 ஹெர்ட்ஸ். அதாவது நம்ம ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைக்குக் கொஞ்சம் கீழே. மேலே இருக்கும் கட்டைக்கு அதே ஒலியை வேகமாக ஓட்டுவார்கள், கீழே என்றால் மெதுவாக. பன்னிரண்டு கட்டை மேலே போனால் வேகம் இரட்டிப்பு. 4 விநாடி ஊதல் 2 விநாடியில் முடிந்துவிடும், சங்கும் பாதியாகச் சுருங்கினது போல் 'கீ'ன்னு கத்தும். பன்னிரண்டு கட்டை கீழே போனால் 145 ஹெர்ட்ஸ். நம்ம துறைமுகத்துக்குள் கப்பல் வருவது போலவே இருந்தது! சும்மா சொல்லவில்லை. 200 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலின் ஊதல் 70-இல் இருந்து 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கணும் என்பது சர்வதேசக் கடல் விதி. அதனால் இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டைக்கு மேல் நான் இழுக்கவில்லை. நாடகத்தில் மூன்று தோணிக்கு மூன்று சங்கு, அதற்கு அது தாராளம்.

இரண்டாவது சிக்கல்தான் என்னை இரண்டு வாரம் தூங்க விடவில்லை.

கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதைக் கீபோர்டு 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். இதை வெலாசிட்டி என்கிறார்கள். மெல்லிய ஊதலை எடுத்துச் சத்தத்தை மட்டும் கூட்டினால் பலமான ஊதல் வந்துவிடாதா? வராது. சங்கில் அதிர்வது நம் உதடு. பலமாக ஊதும்போது சத்தத்தோடு மேற்சுரங்களும் கூடிக் குரலே மாறுகிறது. ஆச்சி அடுத்த வீட்டுக்காரியிடம் மெல்லப் பேசுவதை ஸ்பீக்கரில் போட்டால் அது ஆச்சி என்னைத் திட்டுகிற மாதிரி இருக்குமா? அதே கதைதான். அதனால் மூன்று ஒலியையும் மூன்று அடுக்காக வைத்தேன். 1 முதல் 50 வரை மெல்லியது. 70 முதல் 95 வரை நடுத்தரம். 110-க்கு மேல் முழு மூச்சு. இடையில் இருக்கும் 50-70, 95-110 இரண்டும் கிராஸ்ஃபேட் பகுதி. அங்கே ஓர் அடுக்கு மங்க மங்க அடுத்தது ஏறும், இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். இந்தப் பகுதி இல்லாவிட்டால் 60-க்கும் 61-க்கும் நடுவில் ஆளே மாறினது போல் 'டக்'கென்று தெரியும்.

செய்து வாசித்தேன். ஓரங்களில் அருமை. கிராஸ்ஃபேட் பகுதியில் மட்டும் 'உவ்-உவ்-உவ்'ன்னு அடித்துக்கொண்டது. எவ்வளவு அகலம் மாற்றினாலும் போகவில்லை. செல்போன் பழுதுன்னு நினைத்தேன். கடைசியில் காட்டிக் கொடுத்தது நம்ம பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகம். விம்மல்கள்! அதிர்வெண் கொஞ்சமாக வேறுபடும் இரண்டு ஒலி சேர்ந்தால், அந்த வேறுபாட்டின் அளவுக்கு விநாடிக்கு விம்மல் வரும். டியூனர் செயலியில் அளந்தேன். மெல்லியது 290, நடுத்தரம் 294, பலமானது 298. பலமாக ஊத ஊதத் தாத்தாவின் சுருதி ஏறியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து அடுக்குக்கு 4 ஹெர்ட்ஸ் வித்தியாசம், விநாடிக்கு 4 விம்மல். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். சரியாக நாலு! (பரீட்சைக்குப் படித்தபோது இது மண்டையில் ஏறவே இல்லை என்பதை இயற்பியல் ஐயா மன்னிக்கணும்.)

அதனால் கிராஸ்ஃபேடைத் தொடும் முன்னால் சுருதியைச் சேர்க்கணும். நான் தலைகீழாகச் செய்ததால்தான் இரண்டு வாரம் போச்சு. இதற்கு அளவு சென்ட். பக்கத்துக் கட்டைக்கு 100 சென்ட். மெல்லியதை அப்படியே விட்டு, நடுத்தரத்தை 24 சென்ட், பலமானதை 47 சென்ட் இறக்கினேன். மூன்றும் 290-இல் நின்றது. விம்மல் போய்விட்டது.

இன்னொரு சின்னக் குறை மிச்சம் இருந்தது. இரண்டும் பாதிப் பாதி சேரும் இடத்தில் சத்தம் குழி விழுந்தது. ஆளுக்கு 50 சதவீதம் வைத்தால் முழுசு வரணுமே என்றுதான் தோன்றும். ஆனால் வேறு வேறு நேரத்தில் பதிந்த இரண்டு ஒலியின் மேடும் பள்ளமும் ஒன்றாக நிற்காது. அதனால் 50-க்குப் பதிலாக ஆளுக்குச் சுமார் 71 சதவீதம் வரும்படி வளைவை மாற்றணும். அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.

தாத்தாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா இது மில் சங்கு மாதிரில்லா இருக்கு. ஒரே குரல்ல நிக்குது"ன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பலமாக ஊதும்போது சுருதி ஏறுவது தப்பு இல்லை, அதுதான் அவர் ஊதுகிற விதம். நான் அதைப் பிழை என்று நினைத்துத் தேய்த்து அழித்திருந்தேன். அதற்காகப் பழையபடி விட்டால் விம்மல் வந்துவிடும். வழி இருந்தது. பிட்ச் வெல்ட்ராக் என்று ஒரு கட்டளை. அழுத்தம் கூடக் கூடச் சுருதியை ஏற்றச் சொல்வது. 127-க்கு 47 சென்ட் என்று கொடுத்தேன். இப்போது எல்லா அடுக்கும் ஒரே அளவில் சேர்ந்து ஏறுகிறது. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லாததால் விம்மலும் இல்லை. முழு அழுத்தத்தில் மறுபடியும் அதே 298.

இந்தத் தடவை கேட்டதும் தாத்தா சிரித்தார். உடனே இன்னொரு கேள்வி. "ஊதுறதுக்கு முந்தி மூச்சு இழுப்பேன்லா, அது எங்கல?"

இரைச்சல்னு நினைத்து நான்தான் மூன்றிலும் வெட்டி எறிந்திருந்தேன். நல்ல வேளை, மூலப் பதிவு செல்போனில் இருந்தது. முழு மூச்சில் ஊதினதற்கு முன்னால் உள்ள இழுப்பை மட்டும் நறுக்கித் தனி ஒலியாகச் சேர்த்தேன். அதற்கு அடுக்கும் இல்லை, கிராஸ்ஃபேடும் இல்லை. பிட்ச் கீட்ராக் என்பதைச் சுழியாக்கியதால் எந்தக் கட்டையை அழுத்தினாலும் அந்த மூச்சு மாறாமல் வரும். அது முடிந்த பிறகே சங்கு தொடங்கும்படி ஒரு விநாடி தாமதமும் வைத்தேன்.

அதனால் நாடகத்தன்று தோணிக்காரன் கையைத் தூக்குவதற்கு ஒரு விநாடி முன்னாடியே நான் கட்டையை அழுத்தணும். கையைத் தூக்கப் போகும் நண்பன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து ஒத்திகைக்கு நேரத்துக்கு வாடா!

— பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு