துண்டில் விழும் நூறு ரூபாய்

பால்புதுமையினர் நடத்தும் சென்னையின் வானவில் சுயமரியாதைப் பேரணி 2009 ஜூனில் மெரினாவில் தொடங்கியது. ‘பிரைடு’ என்ற ஆங்கிலச் சொல்லைப் ‘பெருமை’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றாமல் ‘சுயமரியாதை’ என்று வைத்தவர்களுக்கு இந்த மண்ணின் அரசியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பேரணிக்கு மேடை, மைக் செட், பேனர், பறைக் குழுவுக்கான சம்பளம், தண்ணீர் கேன், மாவட்டங்களிலிருந்து வருபவர்களுக்குப் பஸ் கட்டணம் எனச் செலவு பல. துண்டேந்திச் சேரும் நூறும் இருநூறும் இங்கே பெரிய பணம்.

கொடுக்க நினைப்பவர்கள் முதலில் தயங்குவது, ‘நமக்கு ஏதும் கேஸ் வருமா’ என்றுதான். வராது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொப்பிக் கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்துவிட்டது. ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி வாங்குவது அமைப்பாளர்களின் பொறுப்பு.

கவனிக்க வேண்டியது பணம் போகும் வழியை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வரும். ‘பே’ பட்டனைத் தொடுமுன் அந்தப் பெயரைப் படிக்க வேண்டும். தனி ஆளின் பெயர் வந்தாலே மோசடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பதிவு செய்யாத சிறு கூட்டமைப்புகள் பலவற்றுக்குச் சொந்த வங்கிக் கணக்கு இருக்காது. யாரோ ஒருவருடைய கணக்கில்தான் பணம் சேரும். அப்போது யார் அவர், வரவு செலவை எப்போது, எங்கே காட்டுவார்கள் என்று கேட்கலாம். நேர்மையான அமைப்பாளர் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்.

வரிச்சலுகை வேண்டுமானால் கதை வேறு. வருமானவரிச் சட்டத்தில் நன்கொடைக் கழிவுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தந்தால்தான் கழிவு கேட்க முடியும். அதுவும் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அதற்குக் கழிவு இல்லை. அரிசி மூட்டையாகவோ தண்ணீர் கேனாகவோ கொடுத்தாலும் இல்லை.

வெளிநாட்டுத் தமிழர்கள் சறுக்கும் இடம் இன்னொன்று. சிங்கப்பூரில் இந்திய பாஸ்போர்ட்டோடு வேலை பார்க்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், கையில் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை (ஓசிஐ) அட்டை இருந்தாலும், ஆகும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம்; அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். ‘என் நண்பன் கணக்கில் போட்டுவிடுகிறேன்’ என்ற நல்ல மனசு, பேரணி நடத்துபவர்களைத்தான் வம்பில் மாட்டிவிடும்.

பணம் ஏமாற்றுக்காரர் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். பரிவர்த்தனை எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். நம்பிக் கொடுத்த பணத்தை ஒருவர் சுருட்டிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடிப் புகார் தரலாம். சங்கமாகப் பதிவான அமைப்பு என்றால் மாவட்டப் பதிவாளரிடமும் போகலாம்.

இன்னொரு ஆபத்து எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லாத ஒரு கல்லூரி மாணவர் 200 ரூபாய் அனுப்புகிறார். கணக்கோடு இணைந்திருப்பது அப்பாவின் செல்போன் எண். அடுத்த நொடி அங்கே ‘டிங்’. பாஸ்புக்கில் அமைப்பின் பெயரும் பதிவாகிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ரொக்கம்தான் பத்திரம். வரிக் கழிவு ரசீதுக்குப் பெயரும் பான் போன்ற அடையாள எண்ணும் தர வேண்டியிருப்பதால் வரிக் கழிவை மறந்துவிட வேண்டியதுதான். வசூலிப்பவர்களும் நன்கொடையாளர் பட்டியலைக் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. ரசீதில் ‘ஒரு நண்பர்’ என்று எழுதச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் எழுதிக் கொடுக்கலாம்.