எருமையின் ஊமைப் பருவமும் சினை ஊசியும்

வைகையில் நீர் ஓடும் நாள்களில் ஆரப்பாளையம் கரையிலிருந்து பார்த்தால், கழுத்தளவு நீரில் அசையாமல் கிடக்கும் எருமைகளைக் காணலாம். எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல என்று நாம் பிறரைக் கேலி செய்கிறோமே, அந்த அமைதிதான் எருமைகளுக்குச் செயற்கை முறையில் கருவூட்டுவதற்குப் பெரிய இடையூறாக இருக்கிறது. இது சற்று வியப்பாகத் தோன்றலாம்.

பசும்பாலில் கொழுப்பு 4 விழுக்காடு அளவில் இருக்க, எருமைப் பாலில் அது 7 விழுக்காடு வரை இருக்கிறது. கெட்டித் தயிருக்கும் தேநீர்க் கடைக்கும் எருமைப் பாலே உகந்தது. ஆயினும் தமிழகத்தில் 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்போது சுமார் 7.8 லட்சமாக இருந்த எருமைகள், 2019ஆம் ஆண்டில் சுமார் 5.2 லட்சமாகக் குறைந்துவிட்டன. மேய்ச்சல் நிலமும் குட்டைகளும் அருகியது, கலப்பினப் பசுக்கள் பெருகியது எனக் காரணங்கள் பல. அவ்வளவாகப் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. எருமை உரிய காலத்தில் சினை பிடிப்பதில்லை.

கன்று ஈன்றால்தான் பால். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள்கள். பசுவைவிட ஒரு மாதம் அதிகம். ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவத்திற்கு 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். மூன்று முறை தவறினால் இரண்டு மாதத் தீவனம் வீண். அதற்கு மேல் பொறுக்க இயலாதவர் மாட்டுத் தரகரைத் தேடுகிறார். நல்ல கறவை எருமை ஒன்று அடிமாடாகப் போவதற்கு இது போதும்.

நம் நாட்டில் செயற்கை முறைக் கருவூட்டல் 1939ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரன் என்பவரால் தொடங்கப்பட்டது. இம்முறையில் முதல் எருமைக் கன்று பிறந்தது 1943ஆம் ஆண்டில், அலகாபாத் வேளாண்மைக் கழகத்தில். இன்று தஞ்சை மாவட்டத்து ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் விந்து சேகரிக்கப்பட்டு, உறைய வைக்கப்பட்டு, சிற்றூர் மாட்டாஸ்பத்திரி வரை வந்து சேர்கிறது. முர்ரா இனக் கிடாவைக் கண்ணால் காணாத ஊரிலும் அதன் கன்று துள்ளுகிறது. ஆனால் ஊசி போட்ட எருமைகளில் பத்துக்கு மூன்று அல்லது நான்குதான் சினை பிடிக்கின்றன என்பது பல இடங்களின் அனுபவம். ஏன்?

பழைய நாளில் ஊருக்கு ஒரு பொலிகிடா இருக்கும். அது மந்தையோடு திரியும். எருமையின் சிறுநீரை மோந்து, தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டும். எந்த எருமை பருவத்தில் இருக்கிறது என்பதைப் பகலோ இரவோ அது கண்டுகொள்ளும். நாம் கிடாவை நீக்கிவிட்டு அதன் விந்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதன் மூக்கை எடுத்துக்கொள்ளவில்லை! இப்போது அந்த மூக்கின் வேலையை எருமை வளர்ப்பவரின் கண்கள் செய்ய வேண்டியிருக்கிறது.

பசுவில் இது எளிது. பருவத்துக்கு வந்த பசு கத்தும். மற்ற மாடுகள்மேல் தாவும். கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு பின்புறம் கயிறாகத் தொங்கும். எருமையோ பெரும்பாலும் தாவுவதில்லை. வழும்பும் குறைவு, அது உள்ளேயே தேங்கி, எருமை படுக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ கொட்டிவிடும். சிறிது சிறிதாக அடிக்கடி சிறுநீர் கழித்தல், பால் குறைதல், அமைதியின்மை இவைதாம் மற்றைய அறிகுறிகள். இவையும் இரவிலும் விடியற்காலையிலுமே மிகுதி. கருப்பையும் சினைப்பையும் தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இதையே ஊமைப் பருவம் என்கிறோம்.

பருவம் நீடிப்பது 12 முதல் 24 மணி நேரம். அது முடிந்து மேலும் 10 முதல் 14 மணி கழித்தே சினைமுட்டை வெளிப்படுகிறது. முட்டையின் ஆயுள் சில மணி நேரமே. உறைந்து உருகிய விந்தணுவும் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. இரண்டும் சந்திக்க வேண்டும். எனவேதான் காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடச் சொல்கிறார்கள். அறிகுறி தெரிந்தது நேற்றா, முந்தாநாளா என்று தெரியாத எருமைக்குப் போடும் ஊசி, வண்டி புறப்பட்ட பிறகு வாங்கிய டிக்கெட்டுதான்.

இனி, பௌதிக ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக, ஊசியின் கதை. பேனா ரீஃபிலைப் போன்ற மெல்லிய குச்சி ஒன்றில் கால் மில்லி லிட்டர் நீர்மம். அதில் சுமார் 2 கோடி விந்தணுக்கள். அது திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழ் 196 பாகை செல்சியசில் கிடக்கிறது. அந்தக் குளிரில் உயிரின் வேதிவினைகள் எல்லாம் நின்றுவிடுவதால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆபத்து குளிரில் இல்லை. குளிருக்குப் போகும் வழியிலும், திரும்பி வரும் வழியிலும் இருக்கிறது.

நீர் உறையும்போது பனிப்படிகங்கள் செல்லைக் கிழிக்கும். இதற்குத் தீர்வு கிடைத்தது 1949இல். இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தை உறையவைக்க முயன்றபோது, சர்க்கரைக் கரைசல் என்று நம்பி எடுத்த புட்டி ஒன்று எதிர்பாராத வெற்றி தந்தது. புட்டியில் எஞ்சிய துளிகளைச் சோதித்தபோதுதான் அதில் இருந்தது கிளிசரின் என்பது தெரிந்தது. ஒட்டியிருந்த சீட்டு மாறிப்போனதால் உலகம் முழுவதும் பயனடைந்தது! கிளிசரினும் முட்டை மஞ்சள் கருவும் சேர்ந்த கரைசலே இன்றும் எருமை விந்துக்குக் காப்பு. எனினும் காளையின் விந்தணுவைவிட எருமைக் கிடாவின் விந்தணு உறைபதத்தில் அதிகம் சேதமடைகிறது. ஆகவே கையாள்வதில் ஏற்படும் சிறு பிழையையும் அது பொறுப்பதில்லை.

பாதி உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறையவைத்துத் தின்றவர்கள் அறிவார்கள்: அது மணல்போல் நறநறக்கும். சிறு படிகங்கள் ஒன்றுகூடிப் பெரிதாகிவிட்டன என்பதே பொருள். விந்துக்குச்சியிலும் இதுவே நேரும். குச்சி மெல்லியது, நிறை சொற்பம்; எனவே மதுரை வெயிலில் அதன் வெப்பநிலை நொடிக்கு நொடி ஏறும். கலத்தின் கழுத்துக்கு மேலே குச்சிகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணித் தேடினால், எடுக்காத குச்சிகளும் சேர்ந்து கெடும். திரும்ப நைட்ரஜனில் அமிழ்த்தினாலும் போன உயிர் வராது. எடுத்த குச்சியை 37 பாகை வெதுவெதுப்பான நீரில் 30 நொடி வைக்க வேண்டும். விரைவாக உருகினால் படிகங்கள் வளர நேரமில்லை. சட்டைப் பையிலோ அக்குளிலோ வைத்து உருக்குவது, அவற்றுக்கு வளர நேரம் கொடுப்பதாகும். ஒரு வெப்பமானி விலை அதிகமில்லை. இருந்தும் பலரது பெட்டியில் அது இருப்பதில்லை என்பது என் குறை.

குளிர்ச் சங்கிலியைக் காத்துவிட்டாலும் நேரத்தின் சிக்கல் அப்படியே நிற்கிறது. அதற்குப் புது வழி 1995இல் அமெரிக்காவின் விஸ்கான்சினிலிருந்து வந்தது. பருவத்தைத் தேடுவானேன், நாமே குறித்த நேரத்தில் வரவழைத்தால் என்ன? முதல் நாள் ஒரு ஹார்மோன் ஊசி; ஏழு நாள் கழித்துப் புரோஸ்டாகிளாண்டின்; மேலும் இரண்டு நாள் கழித்து முதலில் போட்ட ஹார்மோன் மீண்டும். அடுத்த 16 முதல் 20 மணிக்குள் விந்து செலுத்தப்படும். அறிகுறி எதையும் பார்க்க வேண்டியதில்லை! பசுவுக்கென வகுத்த இம்முறை, ஊமைப் பருவமுள்ள எருமைக்கு இன்னும் பொருத்தமாக அமைந்தது. கால்நடை மருத்துவரே செய்ய வேண்டியது இது, செலவும் உண்டு.

ஆனால் சினைப்பை வேலை செய்யும் எருமைக்கே இது நன்கு பலிக்கும். கோடையில் அது உறங்கிவிடுகிறது. கறுத்த தோல் வெயிலை விழுங்குகிறது; வியர்வைச் சுரப்பிகளோ பசுவைவிட மிகக் குறைவு. நீரில் கிடப்பது சோம்பலால் அன்று, உடற்சூட்டைத் தணிக்கவே. குட்டை இல்லாத ஊரில் நிழலும், நாளைக்கு இரண்டு மூன்று முறை நீர் தெளிப்பும், தாது உப்புக் கலவையும் தராமல் ஹார்மோனை மட்டும் நம்பினால் பணம்தான் கரையும்.

ஊசி போட்ட 21ஆம் நாளில் அறிகுறி ஏதும் தெரியாவிட்டால் பசு சினை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எருமையில் அப்படிக் கொள்வதற்கில்லை. ஊமைப் பருவம் அப்போதும் ஊமையாகவே வந்துபோகும். ஊசி போட்ட தேதியைச் சுவரிலாவது எழுதி வைத்து, இரண்டு மூன்று மாதங்களில் கால்நடை மருத்துவரிடம் சினை பார்த்துக்கொள்வது நல்லது.