நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. காத்திருப்புதான் முடிவதில்லை. பிரசவத்தின்போது தோள் சிக்கி, கழுத்தருகே கைக்கான நரம்புகள் அறுந்துபோன குழந்தைக்கு, காலிலிருந்து எடுத்த நரம்பை வைத்து ஒட்டுகிறார்கள். பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள். கட்டைப் பிரித்ததும் கை தூக்கும் என்று எதிர்பார்க்கும் பெற்றோருக்கு ஏமாற்றமே. கை முன்போலவே துவண்டு கிடக்கிறது.

காரணம் இதுதான்: ஒட்டிய நரம்பு வெறும் பாதை. புதிய இழைகள் அதன் வழியே வளர்ந்து தசையைத் தொட வேண்டும். வேகம், நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. மாதத்துக்கு ஓர் அங்குலம். முழங்கை மடங்கவே 6 மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். விரல்களுக்கு ஆண்டுக்கணக்கில்.

எதுவுமே நடக்காததுபோல் தோன்றும் இந்த மாதங்களில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். "எத்தனை நாள்தான் கையை அசைத்துக்கொண்டிருப்பது?" என்று வீட்டில் அலுப்பு. பயிற்சி நிற்கிறது. நரம்பு வந்து சேரும்போது தோள்மூட்டு இறுகிக் கிடந்தால் வந்தும் முழுப் பயனில்லை. துணி மாற்றும்போதெல்லாம் மூட்டுகளை மெல்ல அசைத்துவிடுவது, உணர்வு குறைந்த விரல்களைச் சூட்டிலிருந்து காப்பது — வேலை இவ்வளவே. ஆனால் தினமும்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டால் மனம்தான் வாடும். போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஏதாவது தெரியலாம்: தசையில் ஒரு துடிப்பு, முழங்கையில் லேசான மடிப்பு. கை முழுதாகச் சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் வாக்குத் தருவதில்லை. கிலுகிலுப்பையை இரண்டு கைகளாலும் பிடிக்கும் நாள் வந்தால், அந்த வீட்டில் அன்று திருவிழா.