வலிச் சொற்களின் மொழிபெயர்ப்பு

வலிச் சொற்களின் மொழிபெயர்ப்பு என்பது உடல் வலியையும் உபாதையையும் குறிக்கும் சொற்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதாகும். காய்ச்சலை வெப்பமானியால் அளக்கலாம். வலியை அவ்வாறு அளக்க இயலாது; நோயாளி கூறும் சொல்லே மருத்துவருக்குக் கிடைக்கும் முதற் சான்று ஆகும். எனவே இச்சொற்கள் பிழையாகப் பெயர்க்கப்படும்போது நோயும் பிழையாக அறியப்படும் வாய்ப்பு உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் தருமபுரி மாவட்டம் போன்ற பகுதிகளில் இது அன்றாடத் தேவையாக உள்ளது.

வலியின் வரையறை

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய வரையறையின்படி, வலி என்பது விரும்பத்தகாத புலனுணர்வும் உள்ளத்துணர்வும் சேர்ந்த ஓர் அனுபவம் ஆகும். ஆகவே வலிச்சொல் உடலின் நிலையை மட்டுமன்றி, அதனை ஒருவர் எவ்வாறு உணர்கிறார் என்பதையும் சுட்டுகிறது.

மெகில் வலி வினாநிரல்

கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட வினாநிரல் இத்துறையில் முதன்மையானது. இதில் 78 ஆங்கிலச் சொற்கள் 20 குழுக்களாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குழுவிலும் சொற்கள் வலியின் கடுமை கூடும் வரிசையில் அமைந்துள்ளன. நோயாளி தமக்குப் பொருந்தும் சொற்களைத் தேர்ந்தெடுப்பார்.

இவ்வினாநிரல் எசுப்பானியம் உள்ளிட்ட பல மொழிகளில் தழுவப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கடுமை வரிசை குலைந்துவிடும் என்பதால், அந்தந்த மொழி பேசும் நோயாளிகள் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி அடுக்குவதே சிறந்த முறையாகக் கருதப்படுகிறது.

எசுப்பானிய மொழியில்

ஆங்கிலத்தில் 'பெயின்', 'ஏக்', 'சோர்' எனப் பிரிந்து நிற்கும் சொற்கள் பலவற்றுக்கும் எசுப்பானியத்தில் 'டொலோர்' என்ற ஒரே சொல் பெரும்பாலும் பொருந்தும். எரிச்சலுக்கு 'ஆர்டோர்', இலேசான உபாதைக்கு 'மொலெஸ்டியா' ஆகியன வழங்குகின்றன. எசுப்பானியத்தில் தலைவலியைக் கூறும்போது வலியை உணர்பவரைக் குறிக்கும் சொல் 'எனக்கு' என்ற பொருளிலேயே வரும். தமிழிலும் 'எனக்குத் தலை வலிக்கிறது' என நான்காம் வேற்றுமையே வருவது குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்திலோ தலைவலியை ஒருவர் 'கொண்டிருப்பதாக'க் கூறுவதே வழக்கம்.

ஒலியில் ஒத்திருந்து பொருளில் வேறுபடும் சொற்கள் ஆபத்தானவை. எசுப்பானியாவில் 'கான்ஸ்டிப்பாடோ' என்பது சளி பிடித்தவரைக் குறிக்கும். அதனை ஒத்த ஆங்கிலச் சொல் மலச்சிக்கலைக் குறிக்கும். 1980-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உணர்விழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 18 வயது இளைஞரைப் பற்றி உறவினர்கள் 'இன்டாக்சிகாடோ' என்றனர். ஒவ்வாத உணவு போன்ற ஏதோ உட்சென்று நோயுற்றார் என்பதே அவர்கள் கருதியது. மருத்துவர்கள் அதைப் போதைப்பொருள் மிகையாக உட்கொண்டதாகப் புரிந்துகொண்டனர். உண்மையில் அவருக்கு மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டிருந்தது. அது காலந்தாழ்ந்தே கண்டறியப்பட்டது. அவருடைய கை கால்கள் நான்கும் செயலிழந்தன.

தமிழில் வலிச் சொற்கள்

'வலி' என்ற சொல்லுக்கு வலிமை என்ற பொருளும் உண்டு. 'வலித்தல்' இழுத்தலையும், 'வலிப்பு' கை கால் இழுக்கும் நோயையும் குறிக்கும். 'நோ' என்ற வேரிலிருந்து நோவு, நோய் ஆகிய சொற்கள் பிறந்தன. யாழ்ப்பாணத் தமிழில் 'நோவு' இன்றும் இயல்பான வழக்கு ஆகும். கன்னடத்தில் 'நோவு', தெலுங்கில் 'நொப்பி' என இதே வேர் வழங்குவதால், தருமபுரி போன்ற எல்லைப்புற மாவட்டங்களில் 'நோவு' என்ற சொல் மும்மொழியினருக்கும் எளிதில் விளங்கும்.

வலியின் தன்மையைக் கூற, தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன:

குத்தல் – கூரிய பொருளால் குத்தியது போன்ற வலி.
குடைச்சல் – எலும்பின் உள்ளே துளைப்பது போன்ற வலி.
உளைச்சல் – நடந்து களைத்த கால்களில் தோன்றும் ஓயாத நோவு.
விண்விண் எனத் தெறித்தல் – நாடித் துடிப்போடு ஒத்துவரும் வலி.
சுரீர் எனல் – நொடியில் தோன்றி மறையும் வலி.
காந்தல் – எரிச்சலோடு கூடிய வெம்மை.

'கடுப்பு' என்ற சொல் சேரும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். கால்கடுப்பு களைப்பால் வருவது. நீர்க்கடுப்பு சிறுநீர் கழிக்கையில் உண்டாகும் எரிச்சல். வயிற்றுக்கடுப்பு சீதபேதியோடு வருவது. இம்மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்க்க இயலாது. அவ்வாறே 'இடுப்பு வலி' என்பது முதுகின் கீழ்ப்பகுதி வலியையும் மகப்பேற்று வலியையும் குறிக்கும்.

தருமபுரியும் 'பிடிப்பு' என்ற சொல்லும்

தருமபுரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாகக் காணப்படுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு ஆகும். மிகுதியான புளோரைடு கொண்ட நீரை நெடுநாள் பருகுவோருக்குப் பற்களில் கறையும், பின்னர் எலும்புகளில் பாதிப்பும் ஏற்படலாம். இதனைக் குறைக்கும் நோக்குடன் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

எலும்புப் பாதிப்பின் தொடக்க அறிகுறிகள் மூட்டு வலியும் விறைப்பும் ஆகும். பேச்சு வழக்கில் இவ்விறைப்பு பெரும்பாலும் 'பிடிப்பு' எனப்படும். ஆனால் தசை திடீரெனச் சுருண்டு இழுப்பதும், குனியும்போது இடுப்பு பிடித்துக்கொள்வதும், 'வாயுப் பிடிப்பு' என்பதும் அதே சொல்லால் வழங்குகின்றன. எனவே 'பிடிப்பு' என்பதைத் தசைப்பிடிப்பு எனப் பெயர்த்து எழுதினால், பல ஆண்டுகளாக இறுகிவரும் முதுகெலும்பு ஒருநாள் உபாதையாகத் தோற்றமளிக்கும். எவ்வளவு காலமாக உள்ளது, குனியவும் கழுத்தைத் திருப்பவும் முடிகிறதா, எந்த ஊர் நீரைப் பருகினார் ஆகிய வினாக்களே பொருளைத் தெளிவாக்கும்.

வலி என்று கூறப்படாத வலி

மாரடைப்பு ஏற்பட்டவர்களுள் பலர் 'நெஞ்சு வலி' எனக் கூறுவதில்லை. நெஞ்சில் பாரம், அடைப்பு, இறுக்கம், கரிப்பு என்றே கூறுவர். 'வலி இருக்கிறதா?' என்று மட்டும் வினவினால் 'இல்லை' என்ற விடையே கிடைக்கலாம். அறிகுறி வாயுத் தொல்லையாகக் கருதப்பட்டு நேரம் வீணாகலாம். 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்ற தொடரும் பொருளற்றதன்று. வியர்வையும் மூச்சுத்திணறலும் உடனிருப்பின் அது உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டியதாகும்.

மருத்துவத் தமிழ்

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884) மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவம் அமைய வேண்டும் என்பதற்கு அவரது பணி முன்னோடி எனலாம். கலைச்சொல்லாக்கம் நோயின் பெயர்களோடு நின்றுவிடாமல், நோயாளியின் வாயில் வழங்கும் வட்டாரச் சொற்களையும் பொருள் வேறுபாட்டோடு தொகுத்தால் மட்டுமே மருத்துவத் தமிழ் முழுமை பெறும்.