புகைவண்டியும் கடற்கரையும்

நடுநாட்டிற்கும் கடலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கடற்கரை ஊராகிய எயிற்பட்டினத்தினின்று வேலூர், ஆமூர் என்பவற்றைக் கடந்து நல்லியக்கோடனது கிடங்கிலை அடையும் வழியைச் சிறுபாணாற்றுப்படை பாணர்க்குக் காட்டுகின்றது. அக்கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கருதுவார் அறிஞர் பலர். அன்று கால்நடையாகக் கடந்த நிலத்தினர் இன்று காலையிற் புறப்பட்டுக் கடல் கண்டு மாலையில் இல்லம் மீள்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மேனாடுகளில் இவ்வழக்கத்தை வளர்த்தது புகைவண்டியே. அயர்லாந்தின் முதல் இருப்புப்பாதை 1834-ஆம் ஆண்டு டப்ளின் நகரினின்று, இந்நாளில் டன் லேரி எனப்படும் கிங்ஸ்டவுன் துறைமுகத்திற்குத் திறக்கப்பட்டது. 1854-இல் பிரே என்னும் ஊருக்கும் வண்டி சென்றது. அதன்பின் சிற்றூராயிருந்த பிரே, நகரமாந்தர் விடுமுறை நாளில் விரும்பிச் செல்லும் கடற்கரை நகராயிற்று.

நம் பாதையின் வரலாறு வேறு. விழுப்புரத்தினின்று புதுச்சேரிக்குச் செல்லும் சுமார் 38 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1879-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனை வேண்டியோர் காற்று வாங்குவோர் அல்லர், வணிகரே. தென்னார்க்காட்டின் மணிலாக்கொட்டை பிரெஞ்சு நாட்டிற்குக் கப்பலேறியது புதுவைத் துறையினின்றே. 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவையின் ஆட்சி மாறும்வரை, இச்சிறு பயணமும் ஓர் ஆட்சியினின்று மற்றோர் ஆட்சிக்குச் செல்லும் பயணமாகவே இருந்தது.

ஆயினும், சரக்கிற்கென இட்ட பாதையை மக்கள் தமதாக்கிக் கொண்டனர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஆகிய ஊர்களின் வழியே வண்டி செல்கின்றது. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும், திருக்குளத்துடன் விளங்கும் லூர்து அன்னை ஆலயமும் இருசமயத்தாரையும் ஈர்க்கின்றன. மாசிமகத்தன்று மயிலம், திண்டிவனம் முதலிய உள்நாட்டூர்த் தெய்வங்களும் புதுவை வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றன. கடலாடுதல் நம்மவர்க்கு மேனாட்டார் கற்பித்த வழக்கமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திண்டிவனத்தார் நிலைமை சற்று வேறு. மரக்காணத்திற்கு இருப்புப்பாதை இல்லை. புதுவைக்குப் புகைவண்டியிற் செல்வோர் தெற்கே விழுப்புரம் சென்று, பின் கிழக்கே திரும்புதல் வேண்டும். சாலைவழியினும் இது ஏறக்குறைய இருமடங்கு தொலைவு. ஆகலின் அவர்க்கு வண்டியின் காலஅட்டவணையே கடல் காணும் நாளை அளந்து தருவது. மாலை வண்டி தவறின் ஒருநாட் செலவு இருநாட் செலவாகிவிடும். சொந்த ஊர்தியுடையார்க்கு இஃது ஒரு பொருட்டன்று; கூலிவேலை செய்வார்க்கோ மறுநாள் ஊதியமே இதனைச் சார்ந்தது.

கடற்கரை சேர்ந்தபின் காணும் மற்றொன்றும் சிந்தித்தற்குரியது. புதுவை நகரின் முன் அகன்று கிடந்த மணற்பரப்பு, 1980-களில் தெற்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தேய்ந்தது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்தமையே காரணம். அரிப்பைத் தடுக்கப் பாறைகள் கொட்டப்பட்டன. 2018-இல் கடலில் அமைத்த செயற்கைத் திட்டினால் ஒருபகுதியில் மணல் மீண்டுள்ளது. அயர்லாந்தில் பிரேக்குத் தெற்கே கடலரிப்பால் இருப்புப்பாதையைப் பலமுறை உள்தள்ளி அமைக்க நேர்ந்தது. ஈண்டோ பாதை நிலைத்தது, மணல் அகன்றது.

எனவே, எளியோர்க்கு ஒருநாட் கடலின்பம் வாய்க்க இரண்டு வேண்டும்: குறைந்த கட்டணத்தில் அன்றே மீளத்தக்க வண்டி ஒன்று, குழந்தைகள் அச்சமின்றிக் கால் நனைக்கத்தக்க மணற்கரை மற்றொன்று. இவற்றுள் ஒன்றைப் பேணி ஒன்றை இழப்போமாயின், வண்டி நம்மைப் பாறைகளின் முன்னரே கொண்டு நிறுத்தும்.