ஒரு நூலும் பல உரைகளும்

திருக்குறளுக்குப் பதின்மர் உரை வகுத்தனர் என்பது தமிழர் அறிந்த செய்தி. குறள் ஒன்றே, மணக்குடவர் கண்ட பொருள் வேறு, பரிமேலழகர் கண்ட பொருள் வேறு. கிறிஸ்தவர்களின் மறைநூலாகிய விவிலியத்துக்கும் இதுவே நிலை. ஆயினும், உரை வேறுபாடு ஏட்டளவில் நில்லாமல் மக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் தொட்ட வரலாற்றை அறிய விரும்பும் நேயர்கள், திருக்கோணமலைக் கப்பல்துறையை நோக்குதல் தகும்.

இயற்கை அமைத்த அத்துறையை நாடிப் பல நாட்டுக் கலங்கள் வந்தன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த போர்த்துக்கேயர், கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அவர்கள் கத்தோலிக்கர். 1639இல் அக்கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ சீர்திருத்த சபையினர். இரு சாராரும் ஓதியது ஒரே மறைநூல். எனினும், ஒல்லாந்தர் இலங்கையில் தாம் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். 1687இல் யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடம் பூண்டே இலங்கைக்குள் வர நேர்ந்தது.

இப்பகைக்கு அரசும் வாணிகமும் காரணங்களே. ஆயினும், மறைநூலுக்குப் பொருள் கொள்ளும் முறையும் அதனுள் இருந்தது. பத்துக் கட்டளைகளை எண்ணும் முறை இதற்குச் சான்று. உருவம் செய்து வணங்கலாகாது என்னும் விதியைச் சீர்திருத்த சபையினர் தனியே பிரித்து இரண்டாம் கட்டளையாக எண்ணுவர். ஆதலின் தம் ஆலயங்களில் திருவுருவங்களை ஏற்கார். கத்தோலிக்கர் அவ்விதியை முதற் கட்டளையுடன் சேர்த்து எண்ணுவர். விலக்கப்பட்டது பொய்த்தெய்வ வணக்கமேயன்றி, புனிதரை நினைவூட்டும் உருவமன்று என்பர். மறைநூல் ஒன்றே அளவுகோல் என்பது முன்னவர் கொள்கை. மறைநூலைத் திருச்சபையின் மரபோடு இணைத்தே உணர வேண்டும் என்பது பின்னவர் நெறி.

1795இல் திருக்கோணமலை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1814 முதல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்கு வரலாயினர். அவர்களுள் ஒருவரான பீற்றர் பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழாக்கியபோது, அவருக்குத் துணை நின்றவர் சைவராகிய ஆறுமுக நாவலர். அத்தமிழாக்கம் 1850இல் வெளிவந்தது. அப்பணியால் விவிலியத்தைத் துறைபோகக் கற்ற நாவலர், 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' என்னும் நூலை வெளியிட்டார். கோயில் வழிபாட்டை மிஷனரிமார் பழித்த காலம் அது. தூபம், தீபம், படையல், நீராடித் தூய்மை பெறுதல் ஆகியவற்றை இஸ்ரவேலர்க்கு விதித்தது விவிலியத்தின் பழைய ஏற்பாடே எனக் காட்டி, அந்நூலை ஏற்போர் சைவக் கிரியைகளைப் பழித்தல் முறையோ என அவர் வினவினார்.

இதற்குப் புரட்டஸ்தாந்தர் கூறும் விடையும் அதே விவிலியத்திலிருந்தே பிறக்கிறது. பழைய சடங்குகள் வரவிருந்த உண்மையின் நிழல். கிறிஸ்துவின் வருகையோடு அவை நிறைவெய்தின என்பது எபிரெயர் நிருபத்தைக் கொண்டு அவர்கள் காட்டும் பொருள். கத்தோலிக்கரோ தூபத்தையும் தீபத்தையும் தம் வழிபாட்டில் இன்றும் போற்றுகின்றனர். ஒரே பகுதியைச் சைவர் தம் நெறிக்கு அரணாகவும், புரட்டஸ்தாந்தர் கழிந்துபோன நிழலாகவும், கத்தோலிக்கர் புதுப்பொருள் பெற்ற மரபாகவும் கண்டனர். படிப்பவர் எந்த வழிபாட்டில் வளர்ந்தாரோ, அதன் ஒளியிலேயே எழுத்து அவருக்குப் பொருள் தருகிறது.

இவ்வுண்மையை உணர்ந்தோரிடையே பகை தணிந்தது. பிரிந்து நிற்கும் சபையினரோடு கூடி மறைநூலை மொழிபெயர்த்தலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஏற்றுக்கொண்டது. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணைந்து உருவாக்கிய தமிழ்த் 'திருவிவிலியம்' 1995இல் வெளிவந்தது. பொருள் கொள்வதில் வேறுபாடுகள் இன்னும் உள. ஆயினும், வாசகத்தைக் கூடியிருந்து ஆராய இயலும் என்பதை அந்நூல் காட்டிற்று.

திருக்கோணமலையில் இடிபட்ட கோயில் மீண்டும் எழுந்து, 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதன் மணியொலியும் தேவாலயங்களின் மணியொலியும் இன்று ஒரே ஊரில் கேட்கின்றன. தம் உரையையே மூலம் என எண்ணுவோர் கையில் மறைநூல் பிறர் கோயிலை இடிக்கும் கருவியாகலாம். உரை வேறு, மூலம் வேறு எனத் தெளிந்தோர்க்கு அதுவே அயலாரோடு அமர்ந்து உரையாடும் திண்ணையாகும்.