அயல் திடலில் நம் குரல்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு உதைபந்தாட்டம் காணச் செல்லும் நம்மவர் ஒன்றை உளங்கொளல் வேண்டும். ஆட்டவிதிகள் இலண்டனில் வகுக்கப்பெற்றது 1863இல். புனித லூசியா பேராலயத்தின் அயலிலுள்ள புனித பெனடிக்ற் கல்லூரி தோன்றியது 1865இல். ஆட்டத்தோடொத்த அகவையுடைய அக்கல்லூரியில் நாம் விருந்தினர்.

பேரரங்குகளில் இருசாரார் ஆதரவாளரையும் வேலியிட்டுப் பிரிப்பர். பாடசாலைத் திடலிலோ பண்பே வேலி. பிறர் ஆரவாரத்தினிடையே நம் பிள்ளைகள் பதினொருவர் ஆடுவர். அவர்கள் பின்தங்கும்பொழுதே நம் குரல் மிகுதியும் வேண்டப்படும். நடுவரை ஏசுதல் தகாது. பார்வையாளர் இடையூறு செய்யின் ஆட்டத்தை நிறுத்தவும் அவருக்கு அதிகாரமுண்டு. எதிரணியினர் அழகுறக் கோல் புகுத்தினும் கைதட்டுக. வெற்றி தோல்வி ஆடுவோர் காலில். கல்லூரியின் நற்பெயரோ கோட்டுக்கு வெளியே நிற்கும் நம் நாவில்.